ஓநாய் மனிதன்

ஓநாய் மனிதன் என்பது மனித உருவிலிருந்து ஓநாயாகவோ, பாதி மனிதனும் பாதி ஓநாயுமான உருவமாகவோ மாறக்கூடியதாக நாட்டார் கதைகளிலும் புனைகதைகளிலும் கூறப்படும் கற்பனை உயிரினம் ஆகும். சில கதைகளில் இது சாபத்துக்கு ஆளான தனி மனிதன். வேறு சிலவற்றில் தமக்கென உடலியல்பும், குல அமைப்பும், சட்டதிட்டங்களும் கொண்ட ஒரு தனி இனம். ஐரோப்பாவிலேயே இந்நம்பிக்கை மிகுதியாகப் பதிவாகியுள்ளது. எனினும் மனிதன் விலங்காக மாறுவான் என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளிலும் உண்டு. பொதுவாக அந்தந்த நாட்டு மக்கள் மிகவும் அஞ்சிய விலங்கே அக்கதைகளில் இடம்பெறுகின்றது. இந்தியாவில் புலி, பாம்பு, நரி, எருது ஆகியவை கூறப்படுகின்றன.

ஓநாய் மனிதன் கற்பனையே ஆயினும், அந்த நம்பிக்கையால் ஏற்பட்ட விளைவுகள் கற்பனை அல்ல. 16ம், 17ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பலர் ஓநாய் மனிதர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றனர். 1996 ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்றபோது, அது மனித ஓநாயின் செயல் என்று பரவிய வதந்தியால் குற்றமற்ற மனிதர்கள் தாக்கப்பட்டனர்.

பெயர்

ஆங்கிலத்தில் வழங்கும் "வேர்வுல்ஃப்" என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஆடவனைக் குறிக்கும் "வேர்", ஓநாயைக் குறிக்கும் "வுல்ஃப்" ஆகிய இரு சொற்களின் சேர்க்கை ஆகும். "லைக்கந்த்ரோப்" என்ற மற்றொரு சொல், கிரேக்க மொழியில் ஓநாயைக் குறிக்கும் "லைக்கோஸ்", மனிதனைக் குறிக்கும் "ஆந்த்ரோபோஸ்" என்பவற்றிலிருந்து வந்தது. தன்னை ஓநாய் என்று நம்பும் மனநோய்க்கும் இச்சொல்லின் வழியாகவே மருத்துவத்தில் பெயர் அமைந்துள்ளது.

தமிழில் ஓநாய் மனிதன், மனித ஓநாய் என்னும் இரண்டு வழக்குகளும் உள்ளன. இவை இரண்டும் அண்மைக்கால மொழிபெயர்ப்புச் சொற்களே. பழந்தமிழ் மரபில் இதற்கு நேரான சொல் வழக்கில் இல்லை. தமிழில் ஓநாய், செந்நாய், நரி ஆகியவை பேச்சு வழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றிக் கூறப்படுவது உண்டு. ஆனால் உயிரியலில் இவை மூன்றும் வெவ்வேறு இனங்கள். செந்நாய் காட்டில் கூட்டமாக வேட்டையாடும் செந்நிற விலங்கு. நரி ஓநாயை விடச் சிறியது. தமிழ்க் கதைகளில் தந்திரத்துக்குப் பெயர் பெற்றது.

வரலாறு

பண்டைய கிரேக்கமும் உரோமும்

கி.மு. 5ம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, நியூரி என்ற மக்கள் ஆண்டுக்கு ஒரு முறை சில நாட்கள் ஓநாய்களாக மாறுவர் என்று கேள்விப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். தாம் அதை நம்பவில்லை என்றும் அவரே குறிப்பிட்டுள்ளார். ஒரு மக்கள் குழுவே ஓநாய் மனித இனம் என்று கூறப்படும் மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. கிரேக்கத் தொன்மத்தில் ஆர்க்கேடியா நாட்டு அரசன் லைக்கேயோன், கடவுளைச் சோதிக்க மனித இறைச்சியைப் படைத்ததால் சீயசு கடவுளால் ஓநாயாக மாற்றப்பட்டான். இக்கதையை உரோமக் கவிஞர் ஓவிட் தம் நூலில் விரித்துரைத்துள்ளார். கி.பி. 1ம் நூற்றாண்டில் பெட்ரோனியசு எழுதிய "சட்டிரிக்கன்" என்ற நூலில், நிலவொளியில் ஆடைகளைக் களைந்து ஓநாயாக மாறும் போர்வீரன் ஒருவனின் கதை வருகின்றது. ஓநாயாக இருந்தபோது பட்ட காயம் மனித உடலிலும் காணப்படுவது என்ற கூறு அக்கதையிலேயே உள்ளது.

வழக்கு விசாரணைகள்

ஐரோப்பாவில் சூனியக்காரிகள் மீதான வழக்குகள் நடந்த காலத்திலேயே ஓநாய் மனிதர் மீதான வழக்குகளும் நடைபெற்றன. 1589 ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகிலுள்ள பெட்பர்க் என்ற ஊரில் பீட்டர் ஸ்டம்ப் என்பவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். சாத்தான் கொடுத்த இடைவாரை அணிந்தால் தாம் ஓநாயாக மாறுவதாக அவர் ஒப்புக்கொண்டதாகக் கூறப்பட்டது. சித்திரவதைக்கு அஞ்சி அளிக்கப்பட்ட வாக்குமூலம் அது. அவருடைய மகளும் அவருடன் சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்.

எல்லா நீதிமன்றங்களும் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1603 ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில், தான் ஓநாயாக மாறிக் குழந்தைகளைத் தின்றதாகக் கூறிய ழான் கிரெனியே என்ற சிறுவனை, மனநிலை சரியில்லாதவன் எனக் கருதி நீதிமன்றம் ஒரு மடத்தில் சேர்க்க உத்தரவிட்டது. ஓநாய் மனிதன் என்பதை நோயாகக் கருதும் போக்கின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இத்தீர்ப்பும் ஒன்று.

1692 இல் லிவோனியாவில் (இன்றைய லாத்வியா) நடந்த வழக்கு பெரிதும் வேறுபட்டது. தீசு என்ற ஏறத்தாழ 80 வயது முதியவர், தாமும் தம் கூட்டத்தாரும் ஓநாய்களாக மாறுவது உண்மை என்றும், ஆனால் தாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள் என்றும் கூறினார். ஆண்டுக்கு மூன்று முறை நரகத்துக்குச் சென்று, சூனியக்காரர் திருடிய விளைச்சலை மீட்டு வருவதாகவும், அவ்வாறு செய்யாவிடில் பயிர் விளையாது என்றும் அவர் வாதிட்டார். நீதிபதிகள் அவருக்குக் கசையடியும் நாடுகடத்தலும் விதித்தனர். இத்தாலிய வரலாற்றாய்வாளர் கார்லோ கின்சுபர்க் இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

புனைவில் ஓநாய் மனித இனம்

20ம் நூற்றாண்டில் திரைப்படம், புதினம், விளையாட்டு ஆகியவற்றின் வழியாக ஓநாய் மனிதர் ஒரு தனி இனமாக வளர்த்தெடுக்கப்பட்டனர். இன்று பொதுவாக அறியப்படும் கூறுகள் பலவும் பழைய நாட்டார் கதைகளில் இல்லாதவை.

உருமாற்றம்

நாட்டார் கதைகளில் ஓநாய்த் தோலைப் போர்த்துதல், மந்திர வாரை அணிதல், மருந்துத் தைலம் பூசுதல் ஆகியவற்றால் உருமாற்றம் நிகழும். இது பெரும்பாலும் விரும்பிச் செய்யும் செயல். நவீனப் புனைவில் முழுநிலவு நாளில் தன் விருப்பமின்றியே மனிதன் ஓநாயாக மாறுகிறான். 1941 இல் வெளிவந்த "த வுல்ஃப் மேன்" என்ற அமெரிக்கத் திரைப்படமும் அதன் தொடர்ச்சிகளும் கடியினால் பரவுதல், வெள்ளியால் மட்டுமே கொல்ல முடிதல், முழுநிலவு ஆகிய கருத்துகளை உலகெங்கும் பரப்பின. 1764 முதல் 1767 வரை பிரான்சின் செவோதான் பகுதியில் பலரைக் கொன்ற விலங்கு வெள்ளிக் குண்டால் சுடப்பட்டது என்ற செய்தியும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதே.

ஓநாய் மனிதனை விரட்டும் என்று கூறப்படும் செடி, நம் நாட்டில் வச்சநாபி என்று அறியப்படும் நச்சுச் செடியின் வகையைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஓநாய்களைக் கொல்ல இறைச்சியில் இந்நஞ்சு வைக்கப்பட்டதால் இந்நம்பிக்கை தோன்றியது.

பரவும் முறை

புனைவுகளில் ஓநாய்த் தன்மை நான்கு வழிகளில் வருவதாகக் கூறப்படுகின்றது.

1. கடி: ஓநாய் மனிதனால் கடிபட்டவரும் ஓநாய் மனிதராவார். ஆரி பாட்டர் கதைகளில் வரும் ஆசிரியர் லூப்பின் இவ்வகையினர்.
2. பிறப்பு: தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாக வருவது.
3. சாபம்: கடவுள் அல்லது மந்திரவாதியின் சாபம்.
4. தொற்று: "அண்டர்வேர்ல்ட்" (2003) திரைப்படத்தில் தீநுண்மம் ஒன்று காரணமாகக் காட்டப்படுகின்றது.

சமூக அமைப்பு

1992 இல் வெளியான "வேர்வுல்ஃப்: த அப்போகாலிப்சு" என்ற பாத்திர விளையாட்டு, ஓநாய் மனிதருக்கு மிக விரிவான சமூகத்தை உருவாக்கியது. அதில் மனிதருக்குப் பிறந்தோர், ஓநாய்க்குப் பிறந்தோர், இரு ஓநாய் மனிதருக்குப் பிறந்தோர் என மூன்று பிறப்பு வகைகளும், முழு மனிதன் முதல் முழு ஓநாய் வரை ஐந்து உருவங்களும் உண்டு. பிறந்தபோதிருந்த நிலவின் பிறைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை வகுக்கப்படுகின்றது. அமாவாசையில் பிறந்தவர் விதூடகர். முழுநிலவில் பிறந்தவர் போர்வீரர். ஓநாய் மனிதர் இருவர் கூடிப் பெற்ற பிள்ளைகள் குறைபாடுடையோராகவும் இழிவாகவும் கருதப்படுவது அச்சமூகத்தின் உட்பூசலாகக் காட்டப்படுகின்றது.

ஏறத்தாழ எல்லாப் புனைவுகளிலும் கூட்டத்துக்கு "ஆல்ஃபா" எனப்படும் தலைவன் ஒருவன் இருப்பான். மற்றவரைச் சண்டையில் வென்றவனே தலைவன் ஆவான். இக்கருத்து அறிவியலிலிருந்து வந்தது. ஆனால் அந்த அறிவியல் பின்னர் திருத்தப்பட்டுவிட்டது. ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் விலங்குக்காட்சியகத்தில் ஒன்றாக அடைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஆராய்ந்து 1947 இல் வெளியிட்ட முடிவுகளிலிருந்து இது தோன்றியது. டேவிட் மெக் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1970 இல் எழுதிய நூலால் பரவலாயிற்று. அவரே பின்னர் காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999 இல் எழுதினார். அங்கே தலைமை என்பது பெற்றோர் என்ற நிலையே. சண்டையிட்டுப் பெறும் பதவி அல்ல.

உயிரியல் நோக்கு

மனிதன் ஓநாயாக மாறுவது உயிரியல் அடிப்படையில் இயலாத ஒன்று. முக்கிய வேறுபாடுகள் பின்வருமாறு:

- மனித உயிரணுவில் 46 நிறப்புரிகளும், ஓநாயின் உயிரணுவில் 78 நிறப்புரிகளும் உள்ளன.
- வளர்ந்த மனிதனுக்கு 32 பற்கள். ஓநாய்க்கு 42 பற்கள்.
- மனிதன் உள்ளங்கால் முழுவதையும் தரையில் ஊன்றி நடக்கிறான். ஓநாய் விரல்களை ஊன்றி நடக்கின்றது. முழங்கால் பின்புறம் மடிவதுபோல் தோன்றும் இடம் உண்மையில் அதன் கணுக்கால் ஆகும்.
- மனிதக் கருப்பக் காலம் ஏறத்தாழ 9 மாதங்கள். ஓநாய்க்கு ஏறத்தாழ 2 மாதங்கள் மட்டுமே.
- இந்திய ஓநாயின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். 60 கிலோகிராம் எடையுள்ள மனிதன் ஓநாயாக மாறினால் எஞ்சிய எடை எங்கே செல்லும் என்ற கேள்விக்குக் கதைகளில் விடை இல்லை.

முறிந்த எலும்பு கூடுவதற்கே பல வாரங்கள் ஆகும் நிலையில், சில நிமிடங்களில் எலும்புக்கூடு முழுவதும் உருமாறுவது நடவாத செயல். வெள்ளி உலோகத்துக்கு ஓநாயின் மீது தனிப்பட்ட விளைவு எதுவும் இல்லை. ஓநாய்கள் நிலவைப் பார்த்து ஊளையிடுவதும் இல்லை. தம் கூட்டத்தாரை அழைக்கவும், பிற கூட்டங்களுக்குத் தம் இருப்பை அறிவிக்கவுமே ஊளையிடுகின்றன.

இந்தியாவில்

ஓநாய்க் குழந்தைகள்

ஓநாய்களால் வளர்க்கப்பட்ட குழந்தைகள் பற்றிய செய்திகள் 19ம் நூற்றாண்டில் வட இந்தியாவிலிருந்து மிகுதியாக வெளிவந்தன. ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. எச். சிலீமன் இவற்றைத் தொகுத்து 1852 இல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 1867 இல் புலந்த்சகர் பகுதியில் வேட்டைக்காரர்களால் கண்டெடுக்கப்பட்ட தீனா சனிச்சர் என்ற சிறுவன், ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவில் இருந்த அனாதை இல்லத்தில் வளர்ந்து 1895 இல் இறந்தார். அவர் பேசக் கற்றுக்கொள்ளவே இல்லை. இத்தகைய செய்திகள் வழங்கிய சூழலிலேயே ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய "காட்டுப் புத்தகம்" 1894 இல் வெளிவந்தது.

1920 இல் வங்காளத்தின் மிதுனாப்பூர் பகுதியில் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட அமலா, கமலா என்னும் சிறுமியரின் கதை உலகப் புகழ் பெற்றது. அமலா 1921 இலும், கமலா 1929 இலும் இறந்தனர். அவர்களை வளர்த்த பாதிரியார் ஜே. ஏ. எல். சிங்கின் நாட்குறிப்பே இக்கதைக்கு முதன்மைச் சான்று. அந்நாட்குறிப்பு நம்பத்தக்கதன்று என்றும், நிகழ்வுகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்றும் பிரெஞ்சு ஆய்வாளர் செர்சு அரோல் 2007 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டுள்ளார்.

ஓநாய்க் குட்டிகள் சில வாரங்களிலேயே பால் மறந்துவிடும். பல மாதங்கள் பால் தேவைப்படும் மனிதக் குழந்தையை ஓநாய் வளர்ப்பது இயலாது என்பதே உயிரியலாளர் பலரின் கருத்து. இக்குழந்தைகள் பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோராக இருந்து, பெற்றோரால் கைவிடப்பட்டவர்களாக இருக்கலாம் என்று கருதப்படுகின்றது.

உத்தரப் பிரதேசம், 1996

1996 ஆம் ஆண்டு கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர், சுல்தான்பூர், சௌன்பூர் மாவட்டங்களில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்று கொன்றன. இறந்தோரும் காயமுற்றோருமாக 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறு குழந்தைகள். கதவில்லாத வீடுகளிலும் முற்றத்திலும் உறங்கியவர்கள், வயலோரத்தில் தனியே சென்றவர்கள்.

தாக்கியது விலங்கு அன்று, ஓநாய் வேடமிட்ட மனிதன் அல்லது ஓநாயாக மாறும் மனிதன் என்ற வதந்தி விரைவில் பரவியது. பாகிசுத்தானிலிருந்து அனுப்பப்பட்ட ஒற்றர்கள் ஓநாய்த் தோல் அணிந்து வருகின்றனர் என்றும் பேசப்பட்டது. ஊருக்குப் புதியவர்கள் ஐயத்துக்கு ஆளாகித் தாக்கப்பட்டனர். சிலர் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. குழந்தையைப் பறிகொடுத்த ஊரின் அச்சமும் துயரமும், வழிப்போக்கர் மீதான கொலையாக முடிந்தது.

இந்திய வனவுயிரி நிறுவனத்தைச் சேர்ந்த ஒய். வி. ஜாலாவும் அவருடன் டி. கே. சர்மாவும் நேரில் ஆராய்ந்து 1997 இல் கட்டுரை வெளியிட்டனர். காலடித் தடங்கள், மயிர், கண்டோர் கூற்று முதலியவற்றின் அடிப்படையில் தாக்குதல்களுக்கு ஓநாயே காரணம் என்றும், பரவலான ஓநாய்க் கூட்டங்கள் அல்ல, ஒரு கூட்டமோ தனி விலங்கோ இதைச் செய்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் முடிவு செய்தனர்.

பகராயிச், 2024

2024 சூலை முதல் செப்டம்பர் வரை உத்தரப் பிரதேசத்தின் பகராயிச் மாவட்டத்திலுள்ள மகசி வட்டத்தில் மீண்டும் இத்தகைய தாக்குதல்கள் நிகழ்ந்தன. ஏறத்தாழ 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வனத்துறையினர் "ஆப்பரேசன் பேடியா" என்ற பெயரில் ஆளில்லா வானூர்திகளையும் வெப்பப் படக்கருவிகளையும் கொண்டு தேடி ஐந்து ஓநாய்களைப் பிடித்தனர். ஆறாவது ஓநாய் அக்டோபர் மாதம் ஊர் மக்களால் கொல்லப்பட்டது. 2025 இலும் அம்மாவட்டத்தில் தாக்குதல்கள் நிகழ்ந்தன. கதவு இல்லாத வீடுகளுக்குக் கதவு அமைத்தல், இரவில் விளக்கு வசதி, குழந்தைகளை வெளியில் உறங்க விடாமை ஆகியவையே உயிர்களைக் காக்கும் வழிகள் என வலியுறுத்தப்படுகின்றது.

குரங்கு மனிதன்

2001 மே மாதத்தில் தில்லியில், இரவில் மாடிகளில் உறங்குவோரைப் பிறாண்டும் "குரங்கு மனிதன்" பற்றிய வதந்தி பரவியது. கோடை வெப்பமும் மின்வெட்டும் காரணமாக மக்கள் மொட்டை மாடிகளில் உறங்கிய காலம் அது. அச்சத்தில் மாடியிலிருந்து குதித்தும் விழுந்தும் சிலர் இறந்தனர். அவ்வாறான உயிரினம் எதுவும் இல்லை என்றும், கூட்டாக எழுந்த அச்சமே காரணம் என்றும் பின்னர் நடந்த ஆய்வில் முடிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் முகத்தைப் பிறாண்டும் "முனோச்வா" பற்றி இதே போன்ற வதந்தி எழுந்தது.

தென்னிந்தியாவில்

ஒடியன்

ஓநாய் மனிதனுக்கு மிக நெருக்கமான தென்னிந்திய நம்பிக்கை, கேரளத்தின் பாலக்காடு, மலபார் பகுதிகளில் வழங்கிய ஒடியன் பற்றியதாகும். இருட்டில் எருது, நாய், நரி முதலிய உருவங்களை எடுத்து எதிரியை வழிமறித்துக் கொல்பவன் ஒடியன் எனப்பட்டான். அவன் எடுத்த உருவத்தில் வால் அல்லது ஒரு கால் இல்லாதது போன்ற ஏதேனும் ஒரு குறை இருக்கும் என்றும், அதைக்கொண்டு அவனை அடையாளம் காணலாம் என்றும் கூறுவர். கருவிலுள்ள சிசுவிலிருந்து எடுக்கும் தைலமே அவனது ஆற்றலுக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. வீடு திரும்பும் அவன் மீது மனைவி வெந்நீரோ கஞ்சித்தண்ணீரோ ஊற்றினால் மீண்டும் மனித உருவம் வரும் என்றும் கதைகள் கூறுகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல்தொகுதியில் இந்நம்பிக்கை பற்றிய குறிப்புகள் உள்ளன.

ஒடியன் எனக் கூறப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். நில உடைமையாளருக்கு இரவில் அவர்களிடம் இருந்த அச்சமாகவும், பகலில் அவர்களைத் தண்டிப்பதற்கான காரணமாகவும் இந்நம்பிக்கை செயற்பட்டது. ஊர்களுக்கு மின்விளக்கு வந்தபின் இது பெரிதும் மறைந்தது. இதனை அடிப்படையாகக் கொண்டு "ஒடியன்" என்ற மலையாளத் திரைப்படம் மோகன்லால் நடிப்பில் 2018 இல் வெளிவந்தது.

தமிழ் மரபில் உருமாற்றம்

தமிழ்ப் புராணக் கதைகளில் உருமாற்றம் பெரும்பாலும் அருளின் அடையாளமாகவே வருகின்றது. திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கவாசகருக்காக இறைவன் நரிகளைப் பரிகளாக்குகிறார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டு, கொட்டடியில் இருந்த குதிரைகளையும் கடிக்கின்றன. இரவில் பழைய உருவம் வெளிப்படுதல் என்ற கூறு ஓநாய் மனிதன் கதையை ஒத்திருப்பினும், இங்கே மாறுவது மனிதன் அல்லன். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்நிகழ்வு ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகின்றது. தில்லையில் வழிபட்ட புலிக்கால் முனிவர் எனப்படும் வியாக்கிரபாதர், பூப்பறிக்க மரம் ஏறுவதற்காகப் புலியின் கால்களை வேண்டிப் பெற்றார். மனித முகமும் விலங்குடலும் கொண்ட புருசாமிருகத்தின் சிற்பங்கள் தமிழகக் கோயில்கள் பலவற்றில் காணப்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மகாசிவராத்திரியை ஒட்டிப் பன்னிரு சிவன் கோயில்களுக்கு ஓடிச் சென்று வழிபடும் சிவாலய ஓட்டம், புருசாமிருகம் வீமனைத் துரத்திய கதையோடு தொடர்புபடுத்தப்படுகின்றது.

அஞ்சப்படும் விலங்கை வேட்டையாடாமல் வழிபாட்டுக்குள் கொண்டுவரும் போக்கு இங்கே காணப்படுகின்றது. சென்னையின் மேற்குப் புறநகரான திருவேற்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்குள்ள தேவி கருமாரியம்மன் புற்றிலிருந்து தோன்றியவளாகவும், பாம்பு வடிவிலும் குறி சொல்லும் பெண்ணின் வடிவிலும் வருபவளாகவும் கருதப்படுகிறாள். அதே ஊரிலுள்ள வேதபுரீசுவரர் கோயில் தல வரலாறு, ஆதிசேடன் வழிபட்டதால் இவ்வூர் "விடந்தீண்டாப் பதி" ஆனது என்று கூறுகின்றது. நாகம் பெண்ணாக மாறிப் பழிவாங்கும் கதையைக் கொண்ட "நீயா?" (1979) போன்ற திரைப்படங்களும் தமிழரிடையே உருமாற்றக் கதைகளில் பாம்பே முதலிடம் பெறுவதைக் காட்டுகின்றன.

மருத்துவ விளக்கங்கள்

வெறிநோய்

கடிபட்டவன் கடித்த விலங்காகவே மாறுவான் என்ற கருத்துக்கு வெறிநோய் (நீர்வெறுப்பு நோய்) அடிப்படையாக இருக்கலாம். நாய், ஓநாய் முதலியவற்றின் உமிழ்நீர் வழியாக இந்நோய் பரவுகின்றது. நோய் முற்றியவர் அமைதியிழந்து, நீரைக் கண்டு அஞ்சி, தொண்டைத் தசைகள் இறுகிக் கரகரத்த ஒலி எழுப்புவர். வெறிநாய் கடித்தவர் நாய்போலக் குரைப்பார் என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்லப்படுவது இதனால்தான். அவர் நாயாக மாறுவதில்லை. மூளை அழற்சியால் இறந்து கொண்டிருக்கிறார்.

அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடிபட்டவுடன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் முழுமையாகத் தடுக்கலாம். லூயி பாசுடர் 1885 இல் முதன்முதலாக இத்தடுப்பு மருந்தை மனிதருக்குச் செலுத்தினார். 1886 இல் உருசியாவின் சிமோலென்சுக் பகுதியில் வெறிகொண்ட ஓநாயால் கடிபட்ட 19 பேர் பாரிசுக்கு வந்து சிகிச்சை பெற்றனர். அவர்களில் 16 பேர் உயிர் பிழைத்தனர். தமிழ்நாட்டில் குன்னூரில் 1907 இல் பாசுடர் நிறுவனம் தொடங்கப்பட்டது.

கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், சாம்பல் முதலியவற்றைத் தடவுதல் கூடாது. மந்திரித்தல், வேர் கட்டுதல் ஆகியவற்றில் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் எல்லா நாட்களிலும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

மயிர்மிகை நோய்

பிறவியிலேயே முகம் உட்பட உடல் முழுவதும் மயிர் அடர்ந்து வளரும் மரபணுக் குறைபாடு மிக அரிதாகக் காணப்படுகின்றது. 16ம் நூற்றாண்டில் தெனெரீஃப் தீவில் பிறந்த பெட்ரசு கொன்சால்வசு என்பவர் பிரான்சு அரசவைக்குக் கொண்டுவரப்பட்டு, வேடிக்கைப் பொருளாக வளர்க்கப்பட்டார். அவருடைய பிள்ளைகள் சிலருக்கும் இக்குறைபாடு இருந்தது. இந்தியாவிலும் இக்குறைபாட்டுடன் வாழ்வோர் உள்ளனர். இவர்களின் அறிவாற்றலுக்கோ குணத்துக்கோ இதனால் எக்குறையும் இல்லை. ஆயினும் "ஓநாய்" என்று அழைக்கப்படுவதும், பள்ளியில் விலக்கப்படுவதும் இவர்கள் அடையும் பெருந்துன்பமாகும்.

பிற நோய்கள்

வெயிலில் தோல் புண்ணாகும் போர்பிரியா என்ற நோயும் காரணமாக இருக்கலாம் என்று எல். இல்லிசு என்ற மருத்துவர் 1964 இல் எழுதினார். இக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. தன்னை ஓநாய் அல்லது வேறு விலங்கு என்று ஒருவர் நம்பும் நிலை மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு முதலிய நோய்களின் பகுதியாக அரிதாக ஏற்படுகின்றது. 7ம் நூற்றாண்டிலேயே ஈசினாவின் பவுல் என்ற கிரேக்க மருத்துவர் இதை நோயாகவே விவரித்துள்ளார். இது மருந்துகளால் கட்டுப்படுத்தக்கூடியது.

ஓநாய்களின் இன்றைய நிலை

இந்திய ஓநாய், சாம்பல் ஓநாயின் துணையினம் ஆகும். இது அடர்ந்த காட்டைவிடப் புல்வெளி, முட்புதர்க்காடு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றையே விரும்புகின்றது. வெளிமான், முயல், எலி முதலியவற்றையும், ஆடுகளையும் உண்ணும். சிறு குடும்பங்களாக வாழும். பனிக்காலத்தையொட்டிக் குட்டிகளை ஈனும். ஓநாய் மரபு வழிகளுள் மிகப் பழைமையானவற்றில் ஒன்று இது என 2021 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகின்றது. இந்தியாவில் ஏறத்தாழ 3,000 ஓநாய்களே எஞ்சியுள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது. இது புலிகளின் எண்ணிக்கையை விட அதிகமன்று. தமிழ்நாட்டில் கர்நாடக எல்லையை ஒட்டிய வறண்ட பகுதிகளில் மட்டும் அரிதாகத் தென்பட்டுள்ளன.

1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் சேர்க்கப்பட்டுள்ளது. சார்க்கண்டு மாநிலத்தின் மகுவாடாண்டு ஓநாய்ச் சரணாலயம் 1976 இல் அறிவிக்கப்பட்டது. எனினும் இவ்வினம் வாழும் புல்வெளிகள் "தரிசு நிலம்" என வகைப்படுத்தப்பட்டு வேறு பயன்பாட்டுக்கு எடுக்கப்படுவதும், ஆடுகளை இழந்த மேய்ப்பர் குகைகளில் புகைமூட்டிக் குட்டிகளைக் கொல்வதும், தெருநாய்களுடன் கலப்பதும் இதற்கு அச்சுறுத்தலாக உள்ளன. ஓநாய் மனிதன் பற்றிய கதைகள் இவ்விலங்கின் மீதான வெறுப்பை வளர்ப்பதாக விலங்கியலாளர் கருதுகின்றனர்.

இந்தியத் திரைப்படங்களில்

- சானி துசுமன் (1979, இந்தி): மணப்பெண்களைக் கவரும் மயிரடர்ந்த உருவம்.
- சுனூன் (1992, இந்தி): முழுநிலவில் புலியாக மாறும் மனிதன்.
- பேடியா (2022, இந்தி): அருணாச்சலப் பிரதேசக் காட்டில் ஓநாயால் கடிபட்டு ஓநாயாக மாறும் ஒப்பந்தக்காரன். காடழிப்புக்கு எதிரான கருத்தை முன்வைப்பது.

2013 இல் வெளிவந்த மிசுகினின் "ஓநாயும் ஆட்டுக்குட்டியும்" என்ற தமிழ்த் திரைப்படத்தின் தலைப்பு உருவகமே. அதில் ஓநாய் மனிதன் இடம்பெறவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- இந்திய ஓநாய்
- செந்நாய்
- ஒடியன்
- புருசாமிருகம்
- வெறிநோய்
- திருவேற்காடு